இரண்டாவது புள்ளி

கும்பிடுபூச்சியின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு கரும்புள்ளிகள் இருந்தன. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

"ரெண்டு கண்ணு பத்தலன்னு நாலா ஆக்கிட்டீங்களாம்மா?" என்றார் ஸ்டூடியோக்காரர் அருணகிரி. மதிவதனி சிரிக்கவில்லை. சின்னது பெரிதாகத் தெரிய லென்ஸைத் திருப்பி மாட்டி, மூச்சை அடக்கி, ஞாயிறு காலை வேங்கிக்கால் வீட்டுத் தோட்டத்தில் அவள் எடுத்த படங்கள். அவளுக்கு இடது பக்கம், கொய்யா மரத்தடியில் பாய் விரித்து, இரண்டரை வயது மகள் இனியாவை உட்காரவைத்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

விலங்கியல் படித்தவள். அந்தப் புள்ளி கண்மணி இல்லை என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது பார்க்கிறவரை நோக்கியே இருப்பதுபோலத் தெரியும். அவரவருக்கு அவரவர் புள்ளி. காமிராவுக்கு ஒன்று. இன்னொருவர் நின்று பார்த்தாலும் அவருடைய புள்ளி படத்தில் விழ வழியில்லை.

விழுந்திருந்தது.

படம் கழுவுகிற மருந்து வாடை அடிக்கிற ஸ்டூடியோவின் சின்ன அறையில், வெளியே கற்பூரப் புகைக்கு நடுவே பௌர்ணமிக் கூட்டத்தின் வெறுங்கால்கள் தார் ரோட்டில் ஓயாமல் தேய்ந்துகொண்டிருக்க, அவள் படங்களை எடுத்த வரிசையில் கண்ணாடி மேசைமேல் அடுக்கினாள். காமிராவின் புள்ளி எல்லாவற்றிலும் நடுவில். மற்றது முதல் படத்தில் கண்ணின் மேல் ஓரத்தில் இருந்தது. யாரோ மிக உயரத்திலிருந்து பார்ப்பதுபோல. ஐந்தாவதில் சற்றுக் கீழே. பதினொன்றில் இன்னும் கீழே. கடைசிப் படத்தில் கண்ணின் அடியில், இடது ஓரம். பாய் இருந்த பக்கம். பாய் இருந்த உயரம்.

எதுவோ குனிந்திருந்தது.

குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சந்திரகலாவிடம் விட்டுவந்திருந்தாள். எதிரிலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி, அந்த வீட்டு எண்ணைச் சுழற்றினாள்.

"பாப்பா எங்கக்கா?"

"உங்க தோட்டத்துலதான். போன் அடிக்குதேன்னு இப்பதான் உள்ள வந்தேன்."

"தனியாவா?"

"கொய்யா மரத்தாண்ட ஒக்காந்து கதை சொல்லிட்டிருக்கா. நான் பாயில ஒக்காரப் போனா, இடமில்ல, நீ போன்னு தொரத்துறா மதி." சந்திரகலா சிரித்தாள்.

"அவளத் தூக்கி..."

இணைப்பு அறுந்தது. மறுபடி சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆட்டோ இல்லை. வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். இறங்கிய கூட்டம் முழுவதும் வேலூர் ரோட்டில் எதிரே வந்தது. தோள்கள். பைகள். விபூதி வாடை. வழி விடுங்க என்று கெஞ்சினாள். இந்தப் பக்கம் கிரிவலம் இல்லம்மா என்று யாரோ திருத்தினார்கள். செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டை அடைந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

தோட்டத்துக் கதவருகே சந்திரகலா நின்றிருந்தாள். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது.

இனியா பாயில் நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

"பாப்பா. அம்மாட்ட வா."

திரும்பிப் பார்த்தாள். சற்று யோசித்தாள். பிறகு மரத்தின் பக்கம் திரும்பி, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பாதங்கள் பாயை விட்டு எழும்பின.

மெதுவாக. மதிவதனி பாய்ந்து எட்டிய கைக்கும் மேலே. கிளைகளின் நடுவே குழந்தை நின்றது. தூக்கத்தில் கண்கள் சொருகின. கன்னம் வெறும் காற்றில் சாய்ந்து, ஒரு தோளில் பதிந்ததுபோல நசுங்கியது.

கவுனின் முதுகுத் துணி அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது. தட்டித் தூங்கவைக்கிற தாளத்தில்.