அரை மணிக்கூர் காற்று

"மாமா, மீனுக்கும் எனக்க மாதிரி இழுப்பு உண்டா?"

போன வருஷம் பக்கத்து வீட்டு ஹரிதா கேட்டாள். ஏழு வயது. குதிகாலை உயர்த்தி, மீன்தொட்டியின் மேல் விளிம்பருகே மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள். மூக்கின் சுவடும் அதைச் சுற்றி மூச்சின் ஆவியும் கண்ணாடியில் படிந்தன. பத்மகுமார் அந்தச் சுவட்டைத்தான் பார்த்தான். ரப்பர்பால் வெட்டுகிறவளின் பிள்ளைக்கெல்லாம் என்ன பதில்? துணியை எடுத்துத் துடைத்தான்.

இன்று மாலை நாலு மணிக்கு அந்தச் சுவடு அதே இடத்தில் இருந்தது. துடைத்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். நகம் வழுக்கியது. சுவடு கண்ணாடியின் உட்புறம், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இருந்தது.

ஈரம்தான் என்று சொல்லிக்கொண்டான். குலசேகரத்தில் இரண்டு நாளாக விடாத மழை. தோட்டத்து மரங்கள் கம்பிகள் மேல் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் போனது நேற்றுக் காலை. இன்வெர்ட்டர் செத்தது இன்று மதியம். மின்வாரியத்து ஆட்கள் சோம்பேறிகள், ஊர்க்காரர்கள் கேட்கத் துப்பில்லாதவர்கள், மழைக்குப் பயந்து தக்கலையில் தாய்வீட்டிலேயே தங்கிவிட்ட மனைவி ஒரு கோழை என்பது அவன் முடிவு. ஒன்பது தங்கமீன்களும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. பேட்டரிப் பம்பிலும் உயிர் இல்லை. குவளையால் தண்ணீரைக் கோரி உயரத்திலிருந்து ஊற்றினான். தோள் வலித்தது. பாசி வாடையும் மூலையில் குவித்திருந்த ஒட்டுக்கறைக் கழிவு ரப்பரின் புளித்த வாடையும் அறையில் கனத்து நின்றன.

போன வருஷம் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்வான்.

அந்த மூன்றாம் நாள்தான் ஹரிதாவின் அம்மா சத்தியபாய் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சாரே, அரை மணிக்கூர் கரண்டு தந்தா போரும். பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கணும்."

"இன்வெர்ட்டர் மீனுக்கே பத்தாது. ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு?"

ஆஸ்பத்திரிச் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. பிள்ளையின் மூச்சு ஆட்டோவிலேயே அடங்கிவிட்டது. இருக்கிற நோஞ்சான்களையெல்லாம் தாங்க அவன் என்ன தர்மாஸ்பத்திரியா நடத்துகிறான்?

கதவு தட்டப்பட்டது. சத்தியபாய். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் இரண்டு பேட்டரிகள்.

"என்னவாக்கும்?"

"டார்ச்சுல கெடந்ததாக்கும், சாரே. சன்னல் வழியா பாத்தேன். மீனு வாயத் தொறக்குது. காத்துக்கு ஆகும்லா?"

"இது எவ்வளவு நேரம் வரும்?"

"வாற வரைக்கும் வரட்டு. அதுக என்ன பிழை செஞ்சுது?"

அவள் மழையில் இறங்கி, சுவரைத் தடவித் தடவி இருட்டுச் சந்துக்குள் போனாள். நன்றி என்று ஒன்று இருப்பது அவனுக்கு நினைவு வரவில்லை. எதையோ எதிர்பார்த்துத்தான் கொடுத்திருப்பாள் என்று நினைத்தபடி பேட்டரிகளைப் பம்பில் போட்டான்.

பம்பு முனகியது. குமிழ்கள் எழுந்தன. மீன்கள் கீழே இறங்கின. ஆறு மணிக்கு முனகல் மெலிந்து நின்றது. மீன்கள் உடனே மேலே வந்துவிட்டன.

காற்றுக்குழாயைப் பம்பிலிருந்து உருவி வாயில் வைத்தான். ஊதினான். குமிழ்கள். சிரிப்பு வந்தது. அவன் வளர்க்கும் மீன் சாகுமா?

மூச்சு வாங்க நிறுத்தினான்.

தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஓட்டை ஊதலில் காற்று போவதுபோல், மெலிதாக, இழுத்து. ஈ... ஈ... பம்பின் சத்தம் அல்ல. அவனுக்கு அது தெரியும். போன வருஷம் இரண்டு இரவுகள், மூடிய சன்னலுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டது.

ஊதினான். சத்தம் நின்றது.

நிறுத்தினான். ஈ... ஈ...

கடிகாரத்தில் ஆறு ஐந்து. ஊதினான். மேலே மீன்களைக் காணவில்லை, அடியில் ஒடுங்கிக் கிடந்தன. குமிழ்களும் இல்லை. மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ. யாரோ உறிஞ்சுவதுபோல்.

குழாயை விட நினைத்தான். உதடு குழாயை விட்டு வரவில்லை.

ஆறு பதினைந்து. ஊதினான். ஆறு இருபது. மூக்கால் இழுத்தான். நெஞ்சில் ஊசி. ஊதினான். சத்தியபாயைக் கூப்பிட வேண்டும். ஒரு சுவர்தான். வாய் இல்லை. ஊதினான். இப்போது இழுப்பு அவனுக்குள்ளிருந்து கேட்டது.

ஆறு முப்பத்தைந்து.

தெருவிளக்குகள் எரிந்தன. ஊர் முழுக்கப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அறையில் குழல்விளக்கு இரண்டு தரம் துடித்துப் பிடித்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேறு யாரும் இல்லை. பத்மகுமார் தொட்டியின் முன்னே முழங்காலில் இருந்தான். நீலம் பாரித்த வாய் குழாயைச் சுற்றித் திறந்து திறந்து மூடியது.

அவன் கண்ணுக்கு நேரே, கண்ணாடியின் உட்புறம், அந்தச் சின்ன மூக்குச் சுவட்டைச் சுற்றி ஆவி படர்ந்தது, மறைந்தது. படர்ந்தது, மறைந்தது. இழுப்பே இல்லாமல், ஒரே சீராக, அசந்து தூங்கும் பிள்ளையின் மூச்சைப்போல.