உலை மூட்டும் முன்

உலையை இன்னும் மூட்டவே இல்லை. அதற்குள் அறைக் காற்றில் கதிர்வீச்சை அளக்கும் கருவி படபடவென்று பொரிந்து, அடங்கி, மறுபடி பொரிந்தது.

"பழைய மெஷின்மா, அதுக்கும் வயசாச்சு. வாய் ஓயாது," என்று சிரித்தார் சீனியர். வழக்கம்போல் அபாய மணியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். சூடேற்றும் நாளில் அது சும்மா சும்மா அலறும் என்று இங்கே எல்லோரும் செய்வதுதான். நேற்றும் அணைத்திருந்தார்கள்.

அவள் மட்டும் ஈயக் கண்ணாடியின் முன் நின்றாள். அப்பால், சூடேற்றும் சிறு மின் உலைக்குள், அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருள் வில்லை, சுண்டுவிரல் நுனியளவு, நேற்றைய சூட்டில் கறுத்துக் கிடந்தது. அதன் நுண்ணிய படிக மணிகளுக்குள் சிக்கிய கதிர்வீச்சு வாயு சூடு ஏற ஏறக் குமிழாகி, விளிம்புகளில் ஒன்றோடொன்று கைகோத்து, வழி கிடைத்ததும் வெளியே பாயும். நேற்று, கணக்குப்படி வர வேண்டியதில் பாதிதான் சேகரிப்புக் குழாய்க்குள் வந்தது. மீதி உள்ளேயே இருக்கும், இன்று இன்னும் சூடாக்கிப் பார்ப்போம் என்றிருந்தார் சீனியர்.

வயிற்றில் நான்கு மாதம். சொன்னால் மறுநாளே இந்த அறையை விட்டு மாற்றிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். இது முடியட்டும், முடியட்டும் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

வில்லையை நுண்ணோக்கியில் எடுத்த படம் அப்போதுதான் திரையில் வந்தது. மணிகளின் விளிம்பெல்லாம் குமிழ்கள் திறந்து கிடந்தன. ஒன்றில்கூட வாயு இல்லை.

அப்படியானால் மீதிப் பாதி எங்கே?

கருவி பொரிந்தது. அடங்கியது. பொரிந்தது.

அவள் கருவியின் அருகே போய் மூச்சை அடக்கினாள். அமைதி. விட்டாள். படபடவென்று பொரிந்தது.

உள்பேசியை எடுத்தாள்.

"அண்ணா, உடனே வாங்க. அபாய மணியைப் போடணும்."

"இதோ வரேன்மா. உனக்கும் டீ கொண்டு வரேன்."

கருவியைக் கையில் எடுத்தாள். மூச்சை அடக்கினாள். நெஞ்சில் வைத்தாள். சத்தமில்லை. கீழே இறக்கினாள்.

தொப்புளுக்குக் கீழே.

டிக்டிக்டிக்டிக்.

மூச்சின் தாளம் இல்லை. அவள் நாடியும் இல்லை. அதைவிட இரு மடங்கு வேகம்.

கதவு திறந்தது. கையில் இரண்டு கோப்பைகளோடு சீனியர் நின்றார்.

"என்னம்மா, உலையை மூட்டலாமா?"