ஜூனிபரைக் கொன்றது யார்?

டெலிஃபோன் அலறியது!

டெல்ஃபா காபியை வைத்துவிட்டு எடுத்தாள்.

"டெல்ஃபா... ஊற்றுப் பக்கம் ஒரு பெண்குதிரை செத்துக் கிடக்குது. பின்தொடையில உங்க ஊசி!"

பேசியது, மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் உதவியாளன் எச்செவெரி.

"எந்தக் குதிரை?"

"சாம்பல் நிறம். நெத்தியில வெள்ளை."

ஜூனிபர்!

நெவாடாவின் அந்தப் பொட்டல்வெளியில் டெல்ஃபாவுக்கு அக்கம்பக்கம் என்று யாரும் இல்லை. கணவன் போன பிறகு அவளுக்கு இருந்தவை ஒரு டிரெய்லர் வீடு, ஓர் ஊசித்துப்பாக்கி, அரசு நிலத்தில் மேயும் காட்டுக் குதிரைகள். தூரத்திலிருந்து சுட்டுக் கருத்தடை மருந்து போடுவாள். மந்தை பெருகாது. பெருகாவிட்டால், ஹெலிகாப்டரில் விரட்டிப் பட்டியில் அடைக்கும் கொடுமையும் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒருவன் வருவான். கிரேடி. ஹெலிகாப்டர் ஓட்டுபவன். கையில் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரம் இருக்கும். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அவனிடம்தான் கொட்டுவாள்.

ஊற்றருகே ஜூனிபர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மந்தை மேட்டில் நின்று பார்த்தது.

"உங்க மருந்துதான் கொன்னுடுச்சுன்னு ஊரே பேசுது. திட்டத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஹெலிகாப்டர்!" என்றான் எச்செவெரி.

"என் மருந்து எந்தக் குதிரையையும் கொல்லாது... புரட்டிப் பாருங்க!"

ஜீப்பில் கயிறு கட்டிப் புரட்டினார்கள்.

மண்ணோடு அழுந்தியிருந்த காதுக்குப் பின்னால்... ஒரு துளை!

எச்செவெரி சீட்டியடித்தான்.

"தோட்டா! செத்த பிறகு ஊசியைக் குத்தியிருக்கான். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். பண்ணைக்காரன் ஹோல்கோம்ப் மேல எனக்குச் சந்தேகம்."

"எனக்கும்தான். 'என் மாட்டோட தண்ணியைக் குடிக்குதுங்க'ன்னு எப்பப் பார்த்தாலும் புலம்புவான்."

டெல்ஃபாவின் துப்பாக்கியைச் சோதனைக்கு எடுத்துப்போக எச்செவெரி கூடவே வந்தான். ஜீப்பைக் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் விட்டுவிட்டு டிரெய்லருக்குள் போனான்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அழக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வண்டி வந்து நின்றது.

கிரேடி! இன்று ஞாயிறுகூட இல்லை.

"கேள்விப்பட்டேன், டெல். உடனே ஓடி வந்தேன்."

அவன் தோளில் கை வைத்ததும் அழுகை வந்தது.

"அது என்ன பாவம் பண்ணுச்சு, கிரேடி?"

"அழாதே. அதுக்கு வலிச்சே இருக்காது. காதுக்குப் பின்னால ஒரே தோட்டா... கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிருக்கும்."

அழுகை நின்றது.



"கிரேடி... ஊசின்னுதானே ஊர் பேசுது? தோட்டான்னு உனக்கு யார் சொன்னா?"

அவன் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

"டெல்..."

"சொல்லுடா!"

"உன் மருந்து ஜெயிச்சா என் ஹெலிகாப்டருக்கு இங்க என்ன வேலை? ஒரே ஒரு குதிரை, டெல்! வேணும்னேதான் மருந்து போட்ட குதிரையாப் பார்த்தேன். ஊசியும் உன் வீட்டுல எடுத்ததுதான்."

"எது போட்டது, எது போடாததுன்னு உனக்கு எப்படி..."

கேள்வி பாதியில் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் ஆப்பிள் பை தின்றபடி அவனிடம் சொன்னதே அவள்தான்!

"இதை யார்கிட்ட சொன்னாலும் நம்பமாட்டாங்க. நீ தனியா இருந்து புத்தி பேதலிச்சவள்னுதான் ஊர்ல பேச்சு."

"நான் நம்புவேனே!"

கதவைத் திறந்துகொண்டு எச்செவெரி வந்தான்... கையில் விலங்கு!

கிரேடியை ஜீப்பில் ஏற்றிய பிறகு எச்செவெரி தயங்கி நின்றான்.

"இருந்த ஒரு ஆளையும் நான் கூட்டிட்டுப் போறேன். இனி பேச்சுத்துணைக்கு என்ன பண்ணுவீங்க?"

டெல்ஃபா மேட்டைப் பார்த்தாள்.

"குதிரைங்க இருக்கே! அதுங்களும் உதைக்கும்தான். ஆனா காதைப் பின்னால மடக்கி, முன்கூட்டியே சொல்லிட்டு உதைக்கும்!"