மூன்றாம் தொட்டியின் கயிறு

"எல்லாக் கப்பலுக்கும் எண்ணெய் ஊட்டுற உங்க கப்பல், எப்பப்பா வயிறு நிறையச் சாப்பிடும்?" என்று மகள் சிறுவயதில் ஒருமுறை கேட்டாள். பம்ப்காரர் சிரித்து மழுப்பிவிட்டார்.

பணிக்காலம் முழுக்க அந்தக் கப்பல் நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்குப் பக்கத்திலேயே ஓடி, குழாய் நீட்டி எண்ணெய் கொடுத்தது. ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. இப்போது கொடி இறக்கியாயிற்று. தொட்டிகளைக் கழுவிக் காயவைத்தாயிற்று. விடிந்தால் உடைக்க இழுத்துப்போவார்கள். தொட்டி வாய்களை மூடிவிட்டு வர, பொழுது சாயும் நேரத்தில் பம்ப்காரர் ஏறினார். கப்பலின் பழைய சமையல்காரர் கீழே படகில் காத்திருந்தார்.

மூன்றாம் தொட்டியில்தான் ஏதோ சரியில்லை. கழுவிய தொட்டியிலிருந்து புது எண்ணெயின் வாடை, வெதுவெதுப்பாக, யாரோ முகத்தருகே மூச்சுவிடுவதுபோல் வந்தது. வாயோரக் கம்பியில் கட்டிய கயிறு ஒன்று இருளுக்குள் இறங்கியிருந்தது. அவர் கட்டிய கயிறல்ல.

தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் கயிற்றோடு உட்கார வேண்டும். ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தூக்கு. மேலிருப்பவர் எது நடந்தாலும் இறங்கக் கூடாது. பல வருஷத்துக்கு முன், இதே மூன்றாம் தொட்டிக்குள் முடிச்சு அவிழ்ந்து பம்ப்காரர் எண்ணெய் வாயுவில் மயங்கிக் கிடந்த அன்று, மேலிருந்த கூட்டாளி நெட்டையன் கத்தி ஆள் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் வரும்வரை பொறுக்காமல் இறங்கிவிட்டான். இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி இரண்டுமுறை இழுத்தான். வந்தவர்கள் இவரைத் தூக்கிவிட்டுக் கயிற்றை மறுபடி இறக்குவதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது. மகள் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அவன் பெயரைச் சொல்லாமல் பம்ப்காரர் ஒருநாளும் சாமி கும்பிட்டதில்லை.

"என்னய்யா, கப்பலோட குடும்பம் நடத்துறியா? இருட்டுது, இறங்கு," என்றார் சமையல்காரர் கீழிருந்து.

கயிறு அசைந்தது. ஒருமுறை. இன்னொருமுறை.

மூடியைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் விடிந்தால் இந்த இரும்பை இழுத்துப்போய் அறுப்பார்கள். அப்புறம் தூக்க யாரிருக்கிறார்கள்?

உட்கார்ந்தார். பிடித்தார். இழுத்தார்.

ஈரக் கயிறு. பாரம். ஏணியின் கிறீச். ஒரு மூச்சு. அவருடையது அல்ல.

"வாடா நெட்டை," என்றார், நாக்குக் குழற. "நான்தான் மேல இருக்கேன்."

விளிம்பில் ஒரு கை. எண்ணெய் சொட்டியது. படகில் சமையல்காரர் கரையைப் பார்த்து, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பம்ப்காரர் கயிற்றை விடவில்லை.

இன்னொரு கை. தோள். தலை.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த முகத்தில் வடிந்த எண்ணெயைப் பொறுமையாகத் துடைத்துவிட்டார்.

துடைத்த இடத்தில் முகம் இல்லை.

இருந்தாலும் துடைத்தார்.