பதினேழாவது கிணற்றில் காற்று

ட்ரிங்... ட்ரிங்...!

கன்ட்ரோல் ரூமில் இருந்த அவள் போனை எடுத்தாள். லேப் ஆள் பதறினார்.

"மேடம்! ஒரு கிணத்துல ஆக்ஸிஜன் ஆறு பர்சன்ட்!"

"எத்தனாவது?"

"பதினேழு!"



குப்பை மலைக்குள் நாற்பது கேஸ் கிணறுகள். அழுகும் குப்பையிலிருந்து மீத்தேனை உறிஞ்சி, என்ஜினை ஓட்டி, கரன்ட் தயாரிக்கும் ஆலை அது. மேலே போர்த்திய களிமண்ணை யாராவது தோண்டினால் போதும்... வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும்!

யாரோ தோண்டியிருக்கிறார்கள்.

அவள் கணவன், அங்கேயே பைப் ஃபிட்டர், காணாமல் போய் நான்கு நாள்!

வெளியே ஓடினாள். பொக்லைன் ஓட்டும் அவள் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒரு கிணத்துல காத்து ஏறுது. தோண்டிப் பாக்கணும்."

"எலி குடைஞ்சிருக்கும். அந்த ஓடுகாலிப் பயலுக்காக நீ ஏம்மா சாப்பிடாம கெடக்கற? அண்ணன் நான் இருக்கேன்ல?"

நான்கு நாளாக இந்தத் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

"வண்டிய எடுண்ணே."

பொக்லைன் மேடேறியது. பின்னாலேயே நடந்தாள். ஐந்து... பத்து... பதினாறு... எதிலும் நிற்கவில்லை. நேராகப் பதினேழில் போய் நின்றது.

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"அண்ணே... எந்தக் கிணறுன்னு நான் சொல்லவேயில்லையே?"

அண்ணன் கேபினிலிருந்து அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆசிட் டிரம்மெல்லாம் நான் இங்க புதைச்சத உன் புருஷன் பாத்துட்டான்மா. போலீஸுக்குப் போவேன்னான். அதான் அவனையும் இங்கயே புதைச்சேன்."

"பாவி... என்னைத் தட்டிக் குடுத்தியேடா, இதே கையால!"

"நீ இங்க வந்தது யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு!"

பொக்லைனின் இரும்புக் கை உயர்ந்தது.

அவள் ஓடவில்லை. பக்கத்திலிருந்த பெரிய குழாயில் முதுகைச் சாய்த்து நின்றாள். கை இறங்கிய நொடி... உருண்டாள்!

படார்!

குழாய் இரண்டாகப் பிளந்தது.

"எங்கடி ஓடுவ?"

"நான் ஏன் ஓடணும்? நாப்பது கிணத்துக்கும் மெயின் குழாய் இது ஒண்ணுதான்!"

கேஸ் வராமல், கீழே ஆலையின் என்ஜின் மூச்சை நிறுத்தியது. சைரன் அலறியது. உடைப்பைத் தேடி ரிப்பேர் ஜீப் மேட்டில் சீறி ஏறியது. உள்ளே ஏழு பேர்!

அண்ணன் குதித்து ஓடினான். பத்தடி தாண்டவில்லை... அமுக்கிவிட்டார்கள்.

"கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுக்கறியே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கவலப்படாதண்ணே. மக்காத குப்பைக்குன்னு தனி இடம் இருக்கு... கம்பி போட்டு!"