காலி டிரம்

காலி டிரம் சுற்றுவதற்கு அவ்வளவு கரண்ட் வேண்டியதில்லை. பிரேம்நாத் மோட்டர் ஒயரில் மீட்டரை மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்தான். ஏறின, இறங்கின, மறுபடி ஏறின, ஒரே சீராக. பிறகு சுவரிலிருந்த பிரேக்கர் டக்கென்று விழுந்தது. ஓட்டு வீட்டு உயரமிருந்த டிரம், தோல் பதனிடும் மரப்பீப்பாய், முனகிக்கொண்டே நின்றது.

"மறுபடி டிரிப்பா?" என்றார் சூப்பர்வைசர் அஹமது பாஷா.

"ஆமா பாய்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் தொழிற்சாலையில் அவர்கள் இருவரைத் தவிர ஆளில்லை. தகரக் கூரைமேல் விடாமல் பெய்த மழையின் இரைச்சலும், சுண்ணாம்புத் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த தோல்களின் நாற்றமும், பகலா சாயங்காலமா என்று சொல்ல முடியாத வெளிச்சமும் சேர்ந்து கொட்டகைக்குள் தேங்கிக் கிடந்தன. நாளைக் காலை டிரம் ஓடாவிட்டால் ஊறுகிற தோல் அத்தனையும் பாழ்.

"ஒனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு. வாணியம்பாடிலேர்ந்து வேற ஆள வரவைக்கிறேன்."

அவர் எதைச் சொல்கிறார் என்று பிரேம்நாத்துக்குத் தெரியும். போன வருஷம், தோலை வாரிப்போட இதே டிரம்முக்குள் இறங்கிய அவன் அண்ணன் நத்தானியேல் உயிரோடு வெளியே வரவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அடக்கத்தன்று பிரேம்நாத் அழவில்லை. அதற்கப்புறமும் அழவில்லை. குழம்பில் உப்பு போதுமா என்று அண்ணி கிறிஸ்டினா கேட்டால்கூட, நாக்கில் ஒன்றும் தெரியாமல் தலையாட்டிவிடுவான்.

"மோட்டர் பாக்கத்தானே வந்தேன் பாய்," என்றான்.

காயிலைச் சோதித்தான். கசிவில்லை. மூன்று பேஸும் சரியாக வந்தன. பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு மோட்டரைத் தனியாக ஓட்டிப் பார்த்தான். லேசான ரீங்காரத்தோடு ஓடியது, பிரேக்கர் விழவில்லை.

"மோட்டர்ல கோளாறு இல்ல. டிரம்தான் புடிக்குது. உள்ள லோடு ஜாஸ்தி."

"இன்னா லோடு? நேத்தே காலி பண்ணிக் கழுவி வுட்டாச்சே."

பிரேம்நாத் மெயின் ப்யூஸ்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனி எந்தச் சுவிட்சைப் போட்டாலும் எதுவும் ஓடாது.

அப்போதுதான் மழைக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. ஈரப் பலகைமேல் வெறுங்கால் வைப்பது போல. ஒன்று. பிறகு இன்னொன்று.

டிரம் நகர்ந்தது.

மோட்டர் சுற்றும் பக்கமாக அல்ல. எதிர்ப்பக்கமாக. உள்ளிருந்து யாரோ நடந்து தள்ளுவது போல.

அந்த எண்கள் ஏன் ஏறி இறங்கின என்று பிரேம்நாத்துக்குப் புரிந்தது. பயப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. பயம் வரவில்லை.

"உள்ள தண்ணி நின்னிருக்கும். எட சாஞ்சி திரும்புது, அவ்ளோதான்," என்றார் பாஷா. டிரம்மின் திறந்த வாசல் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றதும், செல்போன் வெளிச்சத்தை நீட்டித் தலையை உள்ளே விட்டார்.

"போவாதீங்க பாய்."

"ஒண்ணுமில்லப்பா, காலியாத்தான்..."

நிறுத்தினார். பிறகு மெல்லிய குரலில், உள்ளே பார்த்தபடியே கேட்டார்.

"யாரு?"

பாஷாவை உள்ளே இழுத்துக்கொண்டு டிரம் புரண்டது. அவர் செருப்பு ஒன்று சிமெண்டில் விழுந்தது. பிரேம்நாத் பாய்ந்து பலகையைப் பிடித்தான். ஈர மரம் கையை உதறிக்கொண்டு போனது. நிறுத்த ஒரு சுவிட்சும் இல்லை. கரண்ட் இருந்தால்தானே நிறுத்துவதற்கு.

அலறல் இல்லை. விழுகிற சத்தம் இல்லை.

காலடிகள். இப்போது இரண்டு பேருடையவை.

வாசல் மேலே போனது. இறங்கி வந்தது.

உள்ளே பாஷா நடந்துகொண்டிருந்தார். முகத்தில் எதுவுமில்லை. கண்கள் நேராக எங்கோ பார்த்தன. வலது கை பக்கவாட்டில் சற்றே உயர்ந்து, இருட்டில் தெரியாத ஒரு கையைப் பற்றியிருந்தது.

பிரேம்நாத்துக்கு எதிரே வந்ததும் டிரம் மெதுவானது. நின்றது.

பாஷாவின் இடது கை வாசலுக்கு வெளியே நீண்டு, விரல்களை விரித்துக் காத்திருந்தது.