முன்னால் ஒரு பூஜ்யம்

மழை விட்ட மாலையில் அவள் பயிற்சி மையத்தின் படியேறியபோது, கணினி அறையில் ஈரச்சுவரும் சூடான தூசியும் கலந்த அதே வாடை. பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்ற கால்கள் கெஞ்சின. இன்று தேறினால் மூன்றாம் நாளே ஓர் அலுவலகத்தில் வேலை. தவறினால் மறுபடியும் கடைதான்.

தேர்வு இதுதான்: எழுத்தாகத் தரும் முகவரியை எண்களாகப் படித்து, அந்த முகவரியிலுள்ள கணினியோடு தொடர்பு கொள்ளும் நிரலை எழுத வேண்டும். முகவரியின் கடைசி எண்தான் மேசை எண். அவள் தொடர்பு கொள்ள வேண்டியது இருபத்தொன்றாம் மேசைக் கணினி. அங்கே அவளோடு படிக்கும் தையல்காரி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

எல்லா எண்ணும் மூன்று இலக்கமாக நின்றால்தான் இவளுக்கு மனம் அடங்கும். 192.168.001.021 என்று அடித்தாள்.

தொடர்பு கிடைத்தது.

அவள் திரையில் ஒரு வரி வந்தது: ‘தேறிட்டேனா?’

“அக்கா, விளையாடாதீங்க.”

“எனக்கு ஒண்ணுமே வரலையே. உன் நிரல் யார் வீட்டுக் கதவைத் தட்டுதோ.”

தன் தவறாகத்தான் இருக்கும். மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் அதே கேள்வி.

பாடம் நடத்தும் சார் வந்து எட்டிப் பார்த்தார். “முன்னாடி பூஜ்யம் போட்டா நிரல் பத்துப் பத்தா எண்ணாம எட்டெட்டா எண்ணிரும்மா. இருபத்தொண்ணு பதினேழாயிடும்...”

சொல்லிக்கொண்டே அறையின் மூலைக்குத் திரும்பினார்.

பதினேழாம் மேசையில் கணினியே இல்லை. ஒரு கேபிள் மட்டும் தொங்கியது.

ஜன்னல்கள் மூடியிருந்தன. கேபிளின் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

“யார் சார் அங்க இருந்தது?”

“ஒரு பஸ் கண்டக்டர். உன்னை மாதிரியேதான், எதுக்கும் முன்னாடி பூஜ்யம் போடுவார். பரீட்சை எழுதிட்டு வீட்டுக்குப் போற வழியில விபத்து. முடிவு தெரியாமலே போயிட்டார்.”

“தேறினாரா?”

சார் தொங்கிய கேபிளைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். “பூஜ்யத்தை எடுத்துடு,” என்றார்.

எடுத்தாள். முன்னால் பூஜ்யம் வந்தால் ஏற்காதபடி நிரலையும் திருத்தினாள். அக்காவின் திரை ஒளிர்ந்தது. அவள் தேறிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை. ஊரின் மறுகோடியில் புது அலுவலகம், மேசை நிறைய வெயில். அவள் கணினியைத் தொடர்பு கொள்கிறவர்களின் முகவரிகள் திரையில் வரிசையாக ஏறின.

192.168.1.4

192.168.1.30

192.168.001.017

எந்தக் கணினியும் தன் முகவரியை அப்படி எழுதாது. அது கையால் அடிப்பவரின் பழக்கம்.

அதன் கீழே ஒரு வரி வந்தது.

‘நீ தேறிட்ட. நான்?’